பன்னிரண்டாம் படுக்கையின் மூடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மருத்துவமனை உணவுப் பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு 'இலக்குகளும் விளைவுகளும்' என்றொரு கையேடு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். முதல் இலக்கு: 'நோயாளி உண்டதை உள்ளபடி பதிவு செய்வார்.' விளைவு: நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேர்ச்சி. மீதிப் பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?"

சும்மா கிடந்தவனைச் சீண்டிவிட்டார்கள். பழைய தாள்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

2

'சமையற்கூடத்தின் வெள்ளை ஓடுகளில் காலை ஒளி கவிதையாய்ப்'

(சீ. ஒரு மனிதர் பட்டினி கிடக்கும்போது கவிதை ஒரு கேடா? அடித்துவிட்டேன்.)

மறுபடி. அந்தத் தாள்களில் அகப்பட்ட ஒரு பயிற்சிப் பெண், அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். வார்டிலிருந்து திரும்பி வரும் தட்டுகளில் மிஞ்சியதை எடைபோட்டு எழுதுவதுதான் அவளுடைய பயிற்சி.* பன்னிரண்டாம் படுக்கையின் தட்டு மூன்று நாளாக மூடிகூடத் திறக்காமல் வந்தது. வார்டுத் தாளிலோ 'முழுவதும் சாப்பிட்டார்' என்றிருந்தது. தராசு தன் தாளில் 'உண்டது' என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டாள்.

(* இப்படியொரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. மிச்சம் வைப்பதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.)

3

நாலாம் நாள் மதியம் தட்டோடு அவளே மேலே போனாள். வலது கை விளங்காத பெரியவர் சோகமாக

(இல்லை, பசியோடு) படுத்திருந்தார். ஒற்றைக் கைக்கு அசையாத அந்த இறுக்கமான மூடியை அவள் எடுத்தாள். இடது கையாலேயே தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"யாரையாவது கூப்பிடக் கூடாதா பெரியப்பா?"

"கூப்பிட்டேம்மா. இதோ வரேன்னாங்க."

தராசு தன் தாளில் எழுதினாள்: 'மூடியைத் திறந்துவிட்டால் சாப்பிடுகிறார்.'

4

மேற்பார்வையாளர் அம்மாவை முதலில் அரக்கியாகத்தான் எழுதினேன். அது நியாயமில்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை அவர் தராசைக் கூப்பிட்டார். ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம், பூஜ்ஜியங்களை முக்கால் ஆக்க வேண்டுமாம், மூடி வரியை அழிக்க வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் செய்தால் தேர்ச்சிக் கையெழுத்து, இல்லையென்றால் எட்டு வாரமும் வீண். கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்த எட்டு வாரம். அதோடு, அழித்தாலும் அழிக்காவிட்டாலும் இனி வார்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

"உள்ளபடி எழுதணும்னு நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க?"

"அது பரீட்சைக்கு."

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அழிக்கிறாள். தேறுகிறாள். என் கையேட்டின் அட்டையில் சிரிக்கிறாள்.

அழிக்கவில்லை. அந்தப் பத்தில் ஒருத்தியாகிறாள்.

பெரிய டாக்டர் திடீரென்று உள்ளே வந்து, தாளை வாங்கிப் படித்து, கண் கலங்கி

(போதும், சினிமா.)

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு நீங்கள் சாப்பிடப் போய்விடுவீர்கள்.

தாளும் அழிரப்பரும் உங்கள் முன்னால் இருக்கின்றன. சாயங்காலம்வரை நேரமிருக்கிறது, அழிப்பதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் இப்போது மணி பன்னிரண்டரை. தராசு கீழே எடை மேசையருகே நிற்கிறாள். பன்னிரண்டாம் படுக்கைக்குத் தட்டு போய்விட்டது.

மூடியை இன்னும் யாரும் திறக்கவில்லை.