செவலை கேட்ட கதை

கீழ்வானத்தில் ஞாயிறு இன்னும் தலைகாட்டாத, பனிமூட்டம் பிழியாமல் உலர்த்திய பழந்துணிபோல் வயல்களின்மேல் ஈரம் சொட்டக் கிடந்த, புள்ளினங்கள் பாடலாமா இன்னுஞ் சிறிது உறங்கலாமா என்று ஐயுற்றுக் கிளைகளில் அமர்ந்திருந்த வைகறைப் பொழுதில், இரு குன்றுகளுக்கிடையே இறங்கிவரும் வண்டித்தடத்தின் கோடியில் நின்ற ஓட்டு வீட்டின் பின்புறத் தொழுவத்திலிருந்து ஒரு பெண்குரல் எழுந்துகொண்டிருந்தது. கற்றறிந்த அன்பரே, அஃது இறைவனைப் போற்றும் குரலென எண்ணி உள்ளம் உருகிவிடாதீர். ஒரு தாய் தான் எழுதிய கதையைக் கறவை மாட்டுக்குச் சொல்லிக்காட்டும் குரலே அது.

பள்ளிப் பருவத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் கதை எழுதிக் கொடுத்து, மதிப்பெண்ணை இழந்து, அவ்விழப்பைப் பொருட்படுத்தாமல் மகிழ்ந்து வீடு திரும்பியவள் அவள். பின்னர் கணவன் வந்தான், பிள்ளைகள் வந்தனர், மாடுகள் வந்தன, அவையனைத்தும் வேளை தவறாமல் பசித்தன. எழுத்தின்மேல் அவள் கொண்ட காதலோ, விருந்தினர் யாவரும் உண்டு எழுந்தபின் அடுக்களையில் நின்றபடியே எஞ்சியதை உண்ணும் இல்லத்தரசியைப்போல், எல்லா வேலையும் முடிந்தபின் மிஞ்சிய பொழுதை உண்டு உயிர் தரித்திருந்தது.

தீவனப் பைகளின் பழுப்புத் தாளை அரிவாளால் அறுத்து, அதன் உட்புறத்தில் கரிக்கோலால் எழுதித் தொழுவத்துத் தூணின் ஆணியில் குத்தி வைப்பது அவள் வழக்கம். அதில் மறைவு ஏதுமில்லை. வீட்டார் யாவரும் அதனைக் கண்டனர், ஒருவரும் படித்திலர். கதையோ எளியது. தலைச்சுமையோடு ஒருத்தி தனக்கென்று எங்கோ உள்ள ஒரு வீட்டைத் தேடி நடக்கிறாள். அவ்வளவே. அவள் அவ்வீட்டை அடைந்து அமர்வதை எழுதத் தாய் கரிக்கோலை எடுக்கும்போதெல்லாம், உள்ளிருந்து, "அம்மா, என் சீப்பு எங்க?" என்று மகளோ, "ஏய், இங்க வச்ச கயிறு எங்க?" என்று கணவனோ கூவுவர். சீப்பு தலையிலும் கயிறு தோளிலும் இருக்கும். அவற்றைக் கண்டெடுத்துக் கொடுத்து மீள்வதற்குள் இறுதிச் சொற்கள் கலைந்துபோக, கதையில் நடப்பவள் முன்னே வேறு வழியின்றி இன்னுமொரு குன்று முளைக்கும். இவ்வாறு முளைத்த குன்றுகளால் அக்கதை நெடுமலைத் தொடராகிவிட்டது; நடந்தவளும் ஓய்ந்தாள், எழுதியவளும் ஓய்ந்தாள்.

எழுதியதைப் பால் கறக்கையில் வாய்விட்டுச் சொல்லி ஓசை பார்ப்பாள். அதனைக் கேட்டுப் பழகிய செவலை என்னும் சிவந்த கறவை, சொற்றொடர் நன்கு அமைந்தால் மடி நெகிழ்ந்து பால் சொரியும். தொய்ந்தால் வாலால் அவள் செவிட்டில் அறையும். இத்துணை நேர்மையான திறனாய்வு கல்லூரிகளிலும் கிடைப்பதரிது.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை வீங்கிக் குரல் அடைத்தது.

"அம்மா, காய்ச்சல் மாத்திரை எங்க வச்சிருக்க?" என்று காய்ச்சலில் கிடந்தவளையே கேட்டாள் மகள். அவள் விரலால் சுட்டினாள்.

கறக்கப் போன கணவனிடம் செவலை ஒரு துளியும் தரவில்லை; பாலை அடக்கிக்கொண்டு, முற்றத்தை நோக்கிக் காது நிமிர்த்தி நின்றது.

"கதை கேக்குதுப்பா அது. அந்த ஆணியில இருக்கறதப் படி," என்றாள் மகள்.

"மாட்டுக்குக் கதை படிக்கவா? ஊருக்குத் தெரிஞ்சா இத அவுத்து விட்டுட்டு என்னையக் கட்டிப்போட்டு வைக்கோல் வைப்பாங்கடி!"

"சரி, அப்போ வெறும் தண்ணியக் காய்ச்சிக் குடி."

வேறு போக்கின்றி, கதை தொடங்கும் அடித்தாளை உருவி, எழுத்துக்கூட்டித் தடுமாறிப் படிக்கலானான். மடி நெகிழ்ந்தது. மறுவேளையும் படித்தான், அடுத்த வேளைக்கு மாடு கத்துமுன்னரே தொழுவத்தில் போய் நின்றான். சில நாளில் இறுதித் தாள் வந்தது. அதில், சுமை தாங்காமல் கழுத்து நடுங்க, ஒருத்தி ஒரு வீட்டு வாயிலில் நின்றுகொண்டிருந்தாள். அதன்பின் வெறுந்தாள்கூட இல்லை, தூண்தான் இருந்தது.

பால்குவளையோடு அவன் மனைவியின் படுக்கையருகே வந்து நின்றான்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"எதுக்கு?" என்றாள் அவள், சற்றே திறந்திருந்த குரலில், அடுப்பில் ஏதோ தீய்ந்ததென்றே நினைத்தாள்.

"அந்தப் பொம்பள. உள்ள போனாளா, இல்ல இன்னும் வாசல்லயே நிக்கிறாளா?"

அவள் எழுதத் தொடங்கிய நாள்முதல் எவரும் கேளாத கேள்வி அது.

"ஒரு பகல் முழுக்க யாரும் என்னக் கூப்பிடாம இருந்தா அவ உள்ள போயிருப்பா."

மறுநாள் அவ்வீட்டில் 'அம்மா' என்னும் சொல்லுக்குத் தடை விதிக்கப்பட்டது.

"அப்பா, என் சீப்பு..."

"தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுப் போ."

குழம்பில் உப்புக்குப் பகரமாகச் சர்க்கரை விழுந்தது. ஒருவரும் கேளாமல் உண்டனர். பலகணியோரம் புதுத்தாளோடு அமர்ந்தவளோ, பழகிய செவிகள் அழைப்பை எதிர்பார்த்து விறைத்திருக்க, அழைப்பே வாராமையால் அஞ்சி, பிள்ளைகள் உயிரோடு உள்ளனரா என்று இருமுறை எழுந்து எட்டிப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தனர், விரித்த தலையோடு இருந்தனர். திரும்பி வந்து அமர்ந்தாள். அப்போதுதான், வேலை ஓயட்டுமென்று வாயிற்புறத்தே காத்துநின்ற களைப்பெல்லாம், இனித் தடையில்லையென்று கண்டு ஒருங்கே உட்புகுந்தது.

அந்திப்பொழுதில் அவன் ஓசைபடாமல் கதவைத் தள்ளினான். அவள் கன்னத்தைத் தாளின்மேல் வைத்துத் துயின்றிருந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கன்றின் வாயிலிருந்து புல்லை எடுப்பவன்போல் மெல்ல அத்தாளை உருவினான். ஒரே வரி இருந்தது.

தொழுவத்தில் செவலையின் அருகே குந்தி அதனைப் படித்தான்: "கதவு திறந்தே இருந்தது, அவள் சுமையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்."

பால் பீறிட்டது. பாதிக் கலம் நிரம்புமுன் நின்றது. செவலை கழுத்தைத் திருப்பி அவனை நோக்கியது. தாளைத் திருப்பினான், மறுபுறம் தீவனத்தின் எடைதான் அச்சிட்டிருந்தது. ஆணியைப் பார்த்தான், வெறுமையாயிருந்தது. சீப்பும் கயிறுமன்றி வேறெதையும் வாழ்நாளில் தேடியறியாத அவன், முதன்முறையாக ஒரு சொல்லைத் தேடினான். வீட்டுப்புறம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எவருக்கும் கேளாவண்ணம் மாட்டின் காதோரம் சொன்னான்:

"அப்புறம்... அவள யாரும் எழுப்பல."

மடி நெகிழ்ந்தது. கலம் நிறையும் ஓசையன்றி வேறோசை எழாத அவ்வந்தியில், குன்றுகள் ஒவ்வொன்றாய் இருளில் அமிழ்ந்தன. அன்பரே, காவியங்கள் முற்றுப்பெறாமைக்குக் கற்பனை வறட்சியே ஏதுவென்று கற்றோர் உரைப்பர், உரைக்கட்டும். சீப்பைத் தாமே தேடிக்கொள்வோர் வீட்டில் மட்டுமே கதைகள் கரைசேர்கின்றன.