கல்யாண டைரக்டரி

“தட்டாதீங்க, எண்டரைத் தட்டாதீங்கன்றேன்...”

“தட்டலடி, விரல மேல வச்சிகினு கீறேன், அவ்ளோதான். அதுக்குள்ள...”

“வச்ச விரல் சும்மா இருக்குமா? எடுங்க மொதல்ல!”

கஜபதி விரலை எடுத்துக்கொண்டார். பூந்தமல்லியில் அவர் மனைவி தாட்சாயிணி நடத்தும் அழைப்பிதழ் கடையில் அன்று ஈ காக்கைகூட இல்லை. ஆடி மாதம். கல்யாணப் பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்? கம்ப்யூட்டரிலோ துளி இடம் பாக்கியில்லை. ஆவணி வேலை வந்து குவிவதற்குள் கல்யாண டைரக்டரிக்குள், பெட்டிக்குள் பெட்டி போல, மாதவாரி டைரக்டரிகளில் கிடந்த போன வருஷத்துப் பத்திரிகைகளை எல்லாம் அழித்துத் தருகிறேன் என்று, ஆவடி தொழிற்சாலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் அவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணொண்ணா அழிச்சா ஒரு வாரம் ஆவும். அதான் எல்லா கட்டளையையும் வரிசையா ஒரு பேட்ச் ஃபைல்ல எழுதிக்கீறேன். சித்திரை டைரக்டரிக்குள்ள போ, எல்லாத்தையும் அழி, வெளிய வா. வைகாசிக்குள்ள போ, அழி, வா. பங்குனி வரிக்கும் அதுவே பாத்துக்கும்.”

“அழிக்கிறதுக்கு முன்னாடி நிச்சயமான்னு கேக்குமே?”

“கேக்கும். ஆமான்னு பதிலையும் உள்ளயே எழுதி வச்சிட்டேன்.”

“பெரிய கெட்டிக்காரர்தான்! கல்யாண டைரக்டரிலதான் பத்திரிகை ஓரத்துல போடுற என் பார்டருங்க எல்லாம் கெடக்கு. மயிலு, மாவிலை, கோலம், எல்லாம் மௌஸ்ல புள்ளி புள்ளியா வரைஞ்சது. ஃபிளாப்பில கூட எடுத்து வைக்கல. அது போச்சுன்னா நான் கடைய மூடிகினு ஊட்டுக்கு வர வேண்டியதுதான்.”

“மாசத்துக்குள்ள கீறதுதான் போவும். உன் கோலம் வெளிய கீது. அத யாரு தொடப் போறா?”

“எனக்கு வாயால சொன்னா ஆவாது. அழின்னு எழுதின எடத்துல எல்லாம் ‘பட்டியல் காட்டு’ன்னு மாத்துங்க. எது எது போவும்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் அழிப்போம்.”

“இருபது வருஷம் பேக்டரில மெஷின் ஓட்டினவன நம்ப மாட்ட.”

“மெஷினத்தான் நம்பல. உங்கள நம்பித்தான் பொண்ணு பெத்தேன். மாத்துங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். ஒவ்வொரு பக்கமும் நின்று நின்று வரும்படி செய்துவிட்டு ஓடவிட்டார். சித்திரை வந்தது, பழைய பத்திரிகைகள். வைகாசியும் ஆனியும் அப்படியே.

“பாத்தியா? நான் சொல்லல?”

அடுத்த பக்கம் வந்தது. அப்படி ஒரு டைரக்டரி இல்லை என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழே மயில். மாவிலை. கோலம் ஒன்று, கோலம் இரண்டு, கோலம் மூன்று...

தாட்சாயிணி திரையருகே குனிந்தாள்.

“இதுங்க எப்பிடி இங்க வந்துச்சு?” என்றார் கஜபதி.

“இது எந்த மாசம்?”

“ஆனிக்கு அப்புறம்... ஆடி.”

“ஆடில எவன் ஊட்ல கல்யாணம்? ஆர்டர் வந்த மாசத்துக்குத்தானே நான் டைரக்டரி போடுவேன்? ஆடிக்கு ஏது?”

அவர் காலண்டரைப் பார்த்துப் பன்னிரண்டு மாதத்தையும் எழுதியிருந்தார். ‘அழி’ என்றே ஓடவிட்டிருந்தால், இல்லாத ஆடிக்குள் நுழைய முடியாமல் கம்ப்யூட்டர் கல்யாண டைரக்டரியிலேயே நின்றிருக்கும். நின்ற இடத்தில் இருந்ததை எல்லாம் அழித்திருக்கும்.

கஜபதி அவள் கேட்காமலே பார்டர்களை எல்லாம் இரண்டு ஃபிளாப்பியில் எடுத்துவைத்தார். ‘இந்த டைரக்டரி இருந்தால் மட்டும்’ என்று ஒவ்வொரு மாதத்துக்கும் முன்னால் சேர்த்தார். மறுபடியும் பட்டியல் ஓடியது. ஆடி சத்தமில்லாமல் தாண்டிப் போனது. மார்கழியும் அப்படியே. பங்குனி முடிந்ததும், “இப்ப அழிக்கட்டா?” என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகே அழித்தார்.

தாட்சாயிணி ஃபிளாப்பிகளின் மேல் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று மயிலைத் திறந்த கஜபதி, பெரிதாக்கிப் பார்த்தார். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனிப் புள்ளிகளாக விரிந்தது. அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும்.

“தாட்சு, சமையலு, கடை, பொண்ணு இஸ்கூலு... இத்தினியும் பாத்துகினு இதெல்லாம் நீ எப்பம்மா உக்காந்து வரைஞ்ச?”