மணலுக்குள் தணல்

சீனிமுகம்மது பெண் பார்க்க வந்தால் அந்தக் கலியாணம் நடக்காது என்று மருதமுனையில் அடித்துச் சொல்வார்கள். தங்கச்சி மகன் நிப்றாஸுக்குப் பேசிய மூன்று பெண்களை அவர் ஏற்கனவே தட்டிவிட்டவர். ஒரு வீட்டில் தேத்தண்ணி ஆறியிருந்ததாம். நாலாவது, கைத்தறி நெய்யும் சஹ்லா. அவளுக்கு நிப்றாஸைத் தவிர வேறு யாரும் வேண்டாம்.

மாமனை மயக்க அவளுடைய அண்ணன் பர்ஸான் காக்கா ஒரு பெரிய பாரை மீன் வாங்கினான். கொங்கிறீட் வேலைக்காரன், கிடங்கு வெட்ட அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, பின்வளவின் நடுவில், கிடுகு வேலிக்கு எட்டத்தில் முழங்கால் ஆழம் வெட்டினான். சுற்றிச் செங்கல் அடுக்கி, சிரட்டையும் விறகும் போட்டு எரித்து, தணலில் மீனைச் சுட்டான். அதுவரை எல்லாம் சரி.

மீன் குசினிக்குப் போனதும் செங்கல்லைப் பொறுக்கிவிட்டு, மண்வெட்டியால் மணலைத் தள்ளி மூடினான். மேலே தும்புக்கட்டையால் கூட்டியும் விட்டான். கடற்கரையில் மீன் குடலோ செத்த பூனையோ, எதற்கும் மணல்தான்.

"தண்ணி ஊத்தினீங்களா காக்கா?" என்று கேட்டாள் சஹ்லா.

"ஊத்தினா வளவு சேறாகிடும் புள்ள. மணலுக்குள்ள நெருப்பு மூச்சு விடுமா?"

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு சீனிமுகம்மது வந்தார். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் முப்பது வருடம் அடுப்புக்கு உமி தள்ளியவர். முகமும் அடுப்பு வாய் மாதிரித்தான் இருக்கும். "உள்ள புழுங்குது" என்றார். சஹ்லாவின் உம்மா றாஹிலா பதறிப்போய், மாமர நிழல் விழுந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டாள். வளவிலேயே துப்பரவான இடம் அதுதான்.

குசினி ஜன்னலால் பார்த்த பர்ஸான் மீன் தட்டை வைத்துவிட்டு சஹ்லாவைக் கூப்பிட்டான்.

"புள்ள, அவரு கிடங்குக்கு மேல இரிக்காரு!"

"எழுப்புங்க!"

"இரிங்க எண்ட வாயால எழும்புங்க எண்டா, அதையும் ஒரு குறையாச் செல்லுவாரு."

வெளியே அவர் குறைகளைத் தொடங்கியிருந்தார். "பொண்ணு எந்த நேரமும் தறியில இரிக்காளாம்." கதிரையின் பின்கால் ஓர் அங்குலம் இறங்கியது. "வாய்க்காரி எண்டும் கேள்வி." இன்னுமோர் அங்குலம். அவர் நெற்றியைப் பிடித்தார். "எனக்குப் பிரசர் கூடிட்டு போல. வளவு சரியுது."

"ஓம் காக்கா, சரியுதுதான்" என்றாள் றாஹிலா, மரியாதைக்குத் தன் தலையையும் அந்தப் பக்கம் சரித்துக்கொண்டு.

அப்போது பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. சஹ்லா இனிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிணற்றடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"எழும்புங்க மாமா, நெருப்பு!"

அவர் எழும்பவில்லை. விழுந்தார். வாளித் தண்ணீரில் பாதி கிடங்குக்கு, பாதி அவருக்கு. புஸ்ஸென்று ஆவி கிளம்பி மாமரத்துக் காகங்களைக் கலைத்தது. சஹ்லா வாயைப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்குள்ளால் சிரிப்பு பீறிட்டது. பர்ஸான் வாசற்படியில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று தொடங்கிய றாஹிலாவுக்கு அதை முடிக்க முடியவில்லை.

சீனிமுகம்மது எழும்பி மணலைத் தட்டினார். சுடவில்லை. ஆனால் இடுப்பில் கட்டிய சாறன் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"ஆர்ரா மணலால மூடின?"

பர்ஸானின் சிரிப்பு அப்படியே நின்றது. சஹ்லா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மண்வெட்டியால் கிடங்கைக் கிளறினாள். செக்கச்செவேலென்று தணல் கண் விழித்தது. தண்ணீர் ஊற்றினாள், கிண்டினாள், திரும்பவும் ஊற்றினாள். நாலாவது வாளியில் சீறல் நின்றது. புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆறிட்டு மாமா."

அவரும் குனிந்து கை வைத்துப் பார்த்தார். குறை தேடிய மாதிரித்தான் இருந்தது. கிடைக்கவில்லை.

மாற்றிக் கட்ட, சஹ்லா தன் தறியில் நெய்த புதுச் சாறனைக் கொடுத்தார்கள். அதை உடுத்திக்கொண்டு மூன்று துண்டு மீன் சாப்பிட்டார். கேற்றடியில் நின்றார்.

"நான் வேணாம் எண்டு செல்லத்தான் வந்த."

றாஹிலாவின் முகம் செத்துப்போனது. அவர் சாறன் நுனியை இழுத்துப் பார்த்தார்.

"இனி, பொண்ணு நெய்த சாறன உடுத்திட்டுப் போய், பொண்ணு வேணாம் எண்டு ஆருக்கிட்டச் செல்ற? கலியாணத்தண்டைக்கு எனக்கு மரக்கதிர போடுங்க."

"போட முந்தி நிலத்தத் தொட்டுப் பாக்கன் மாமா" என்றான் பர்ஸான்.

"நீ தொடாத. அவள் தொடட்டும்."