ஏழாவது வெடி

சான் தமாசோ ஊரில் தெருக்களுக்கெல்லாம் தேதிதான் பெயர். மே ஐந்து தெருவில் ரொட்டிக்கடை, செப்டம்பர் பதினாறு தெருவில் தபால் ஆபீஸ், நவம்பர் இருபது தெருவில் சாராயக்கடை. தேதி இல்லாத ஒரே தெரு தோன் அனஸ்தாசியோ தெரு. தோன் என்றால் அங்கே பெரிய மனிதர்களை ‘ஐயா’ என்று கூப்பிடுகிற மாதிரி. நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் மனிதர் தன் பெயரைத் தானே எழுதச் சொல்லி, தன் கையாலேயே பலகையும் மாட்டிக்கொண்டார். வெட்கம் விலைக்கு விற்கிற பொருளாக இருந்திருந்தால் அதையும் வளைத்துப் போட்டிருப்பார். அது ஓசியில் கிடைப்பதால் அவருக்கு அதில் ஆர்வமில்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தேதி வாசிக்கிற டீச்சர் எவேலியா தெஹேதா. திங்கட்கிழமைதோறும் கொடி வணக்கத்தின்போது, இந்த வாரம் இன்ன தேதியில் இன்னது நடந்தது என்று ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். ரயில்பாதை திறந்த நாள், எண்ணெய்க் கிணறுகள் நாட்டுடைமையான நாள், எந்தத் தளபதி எந்தக் குதிரையிலிருந்து விழுந்தான் என்கிற நாள் வரைக்கும் பத்தொன்பது வருடமாக வாசிக்கிறாள். குதிரையிலிருந்து விழுந்தவனுக்குக்கூட நாட்காட்டியில் இடம் இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு மட்டும்தான் இல்லை.

அப்பா லிப்ராதோ செத்தது 1972-ம் வருடம் செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி. அது நாடு முழுக்க வேறொரு துக்கத்துக்கு உரிய நாள். 1847-ல் அந்நியப் படை தலைநகரத்துக்குள் நுழைந்தபோது, மலைக்கோட்டையைக் காத்து நின்று செத்த ஆறு ராணுவப் பள்ளி மாணவர்களின் நாள். ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் கூடுவார்கள். ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோலத்தான். செத்தவன் பதில் சொல்ல முடியாது என்பதால் அவனுக்காக ஊரே ஒரே குரலில் சொல்லும்: “தாய்நாட்டுக்காக உயிர்விட்டார்!” பெயருக்கு ஒரு வெடி. அந்தக் காலத்தில் சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுவார்கள்.

எவேலியாவுக்கு அப்போது ஏழு வயது. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, மார்பில் கை. அவளும்தான் கத்தினாள். ஆறாவது பெயர் முடிந்து ஆறாவது வெடியும் அடங்கிய பிறகு, ஆற்றங்கரைப் பக்கமிருந்து இன்னொரு வெடி கேட்டது. எந்தச் சிப்பாயோ கணக்குத் தப்பிவிட்டான் என்று முரசு அடித்த பையன்கள் சிரித்தார்கள். எவேலியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

லிப்ராதோ ஆற்றங்கரை நிலம் ஊர்ப் பொதுநிலம் என்று தலைநகரம் வரைக்கும் நடையாய் நடந்து முத்திரைத்தாள் வாங்கி வந்தவர். வந்த மூன்றாம் நாள் செத்தார். தாள் காணாமல் போனது. மாடு திருடப் போனவன், ஓடும்போது சுடப்பட்டான் என்று அனஸ்தாசியோ சொன்னார், போலீஸ் எழுதிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், ஊர் அந்தச் சோற்றையும் தின்றது. இன்று அந்த நிலத்தில் தோனின் எலுமிச்சைத் தோட்டம் கண்ணுக்கெட்டிய மட்டும் காய்த்துக் கிடக்கிறது. எவேலியாவின் அம்மா தொமிதிலா தன் கணவன் கல்லறையில் இரண்டு முறை பெயர்ப்பலகை நட்டாள். இரண்டு முறையும் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள்.

மூன்றாம் முறை அவள் நடவில்லை. “ஏழு வெடி கேட்டுச்சு. பேரு ஆறுதான் கூப்பிட்டாங்க” என்று மகளிடம் சொல்வாள். அழுதுகொண்டு அல்ல, கடன்காரனைப் பற்றிப் பேசுகிற குரலில். “அந்த ஏழாவது பேரை அனஸ்தாசியோ தன் வாயால சொல்ற வரைக்கும் எனக்குப் பலகையும் வேணாம், பூவும் வேணாம்.” ஒவ்வொரு செப்டம்பர் பதின்மூன்றிலும் வெடிச்சத்தம் உள்ளே வராதபடி சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எவேலியா பள்ளிக்கூடம் போன காலத்தில் ‘மாட்டுத் திருடன் மகளே, எங்க வீட்டுக் கன்னுக்குட்டியக் காணோம்’ என்று பிள்ளைகள் பாடுவார்கள். அவள் டீச்சரான பிறகு அதே பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் சேர்த்தார்கள். பாட்டு நின்றது. மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தோனுக்கு எழுபத்தொன்பது வயது. காலில் தெம்பில்லை, கையில் தடி. குரல் மட்டும் இன்னும் காளைமாடு. பதின்மூன்றாம் தேதி விழாவுக்கு நிரந்தரத் தலைவர் அவர்தான். சதுக்கத்து மேடையில் தனக்கென்று தனி மைக் வைத்துக்கொள்வார். பெயர்களைக் கூப்பிடுகிறவள் எவேலியா; அவள் ஒரு பெயரைச் சொல்லி முடித்ததும் முதலில் அவர் குரல்தான் எழவேண்டும், ஊர் அதன் பின்னால் வரவேண்டும். ஒரு வருடம் யாரோ ஒரு மளிகைக்கடைக்காரன் அவரை முந்திக்கொண்டு கத்திவிட்டான் என்று மாதக்கணக்கில் அவன் கடைப்பக்கம் திரும்பவில்லை.

எவேலியா பத்தொன்பது வருடமாக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுக்கு உறைத்தது: அந்த ஆள் பெயரைக் கேட்பதே இல்லை. பெயர் முடிகிற இடத்துக்காகக் காத்திருக்கிறார். அவர் மட்டுமல்ல, சதுக்கமே அப்படித்தான். பழகின பாட்டுக்குத் தலையாட்டுகிற மாடு மாதிரி, இடைவெளி வந்தால் கத்திவிடும்.

சந்தேகம் தீரப் போன வருடம் ஒரு சோதனை செய்தாள். ஆறு பெயருக்கு அப்புறம், கொஞ்சமும் குரல் மாறாமல், பள்ளிக்கூடத்துக் காவலாளி திபுர்சியோவின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டாள். “தாய்நாட்டுக்காக உயிர்விட்டார்!” என்று தோன் முழங்கினார். ஊர் முழங்கியது. மேடைக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி திபுர்சியோவும் முழங்கினார். பிறகு செம்பருத்திச் சர்பத் குடிக்கப் போய்விட்டார்.

துப்பாக்கிகள் போய் இப்போது வாணம் விடுகிறார்கள். வாணம் கொளுத்துவது திபுர்சியோவின் வேலை. இந்த வருடம் விழாவுக்கு முந்தின நாள் பகலில் எவேலியா அவரிடம் வாணக் கட்டைக் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார்.

“ஏழு இருக்கே டீச்சரம்மா. பேரு ஆறுதானே?”

“அன்னைக்கும் ஏழுதான் வெடிச்சுது.”

திபுர்சியோ கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1972-ல் அவர் தோனுடைய பண்ணையில் கூலி. ஆற்றங்கரையில் யார் நின்றார்கள் என்று தெரிந்தும் வாயைத் திறக்காதவர்களில் ஒருவர். தோனுக்குக் காது நல்லாத்தான் கேட்கும், தெரிந்த பேராச்சே, கண்டுபிடித்துவிடுவார் என்றார். போன வருடம் நான் உங்களையே சாகடித்தேன், நீங்களே கவனிக்கவில்லையே என்றாள் எவேலியா. அவர் நம்பவில்லை. போன வருடத்து நிகழ்ச்சித் தாளை எடுத்துக் காட்டினாள். ஏழாவது வரியில் தன் பெயரைப் பார்த்ததும் திபுர்சியோ மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்புறம் வாணக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

இந்த வருடத்துத் தாளையும் தோனிடம் அனுப்பியாகிவிட்டது. தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் விழா நடக்கும். அவர் வழக்கம்போல தலைப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பியிருந்தார்.

காலை ஒன்பது மணி வெயில். சதுக்கத்தின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. மேடையில் தோன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். எவேலியா தாளைப் பிரித்தாள். வேலை போகும், வேறு ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான்: அந்த வாய் இன்றைக்குப் பார்த்து யோசித்துவிடக் கூடாது.

முதல் பெயர். தோன் முழங்கினார், ஊர் முழங்கியது, வாணம் சீறிப் போய் வெடித்தது. இரண்டு. மூன்று. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே நீளம், ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஐந்து. ஆறு. ஆறாவது வாணத்தின் புகை தேவாலயக் கோபுரத்தைத் தாண்டியது.

“லிப்ராதோ தெஹேதா!”

“தாய்நாட்டுக்காக உயிர்விட்டார்!”

தோன் அனஸ்தாசியோவின் குரல்தான் முதலில் எழுந்தது. அந்த ஆறு மாணவர்களுக்குக் கொடுத்த அதே கம்பீரம், ஒரு குன்றிமணி குறையவில்லை. ஊர் அதன் பின்னால் வந்தது. ஏழாவது வாணம் வெடித்தது.

வாய் முன்னால் போய்விட்டது, காது பின்னால்தான் வந்து சேர்ந்தது. அவர் முகத்தில் அது வந்து சேருகிறதை எவேலியா கண் கொட்டாமல் பார்த்தாள். அந்த ஒரு கணத்துக்காக முப்பத்தொரு வருடம் காத்திருக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கீழே வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெயரைக் கடைசியாகச் சத்தமாகச் சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. முரசு நின்றுவிட்டது.

“யாரு எழுதின பேரு இது?” என்று கேட்டார் தோன். மைக் வாய்க்கு நேராகவே இருந்ததால் நான்கு மூலையும் கேட்டது.

“நீங்க கையெழுத்துப் போட்ட பேருதான் தோன். ஏழாவது வரி.”

“அவன் ஒரு மாட்டு...” என்று தொடங்கினார்.

“சொல்லுங்க தோன்” என்றாள் எவேலியா. தலைமையாசிரியரோடு பேசும்போது இருக்கிற அதே மரியாதைக் குரல். “மைக் உங்க கையிலதான் இருக்கு. எங்கப்பா நாட்டுக்காகச் சாகலைன்னா எப்படிச் செத்தாருன்னு நீங்களே சொல்லுங்க. யாரு நின்னா, யாரு சுட்டான்னு சொல்லுங்க. தேதியை நான் குறிச்சுக்கறேன்.”

தோன் வாயைத் திறந்தார். திருடன் என்று சொன்னால், யார் மாட்டை என்று ஊர் கேட்கும். ஓடும்போது சுட்டோம் என்றால், சுட்டவன் யார் என்று கேட்கும். இல்லை என்று மறுத்தால், இப்போது முழங்கினது எந்த வாய் என்று கேட்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை மைக் வைத்துக் கெட்டது.

மைக்கை அணைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் மூச்சு வாங்குவது நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. ஊர் அதை நின்று கேட்டது. கடைசியில் திபுர்சியோதான் முதலில் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தடியோடு தோன் தனியாகப் படியிறங்கினார், கை கொடுக்க ஒருவரும் வரவில்லை.

தலைமையாசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். மாற்றல் உத்தரவு நிச்சயம், தன்னால் எதையும் தடுக்க முடியாது என்றார். எவேலியா நிகழ்ச்சித் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆற்றங்கரை வழியாக, எலுமிச்சை வேலி ஓரமாகவே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. இடுக்கில் அடைத்த துணிகள் தரையில் கிடந்தன. தொமிதிலா நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டுச்சா அம்மா?”

“கேட்டுச்சு. அவன் மூச்சு வாங்குனதும் கேட்டுச்சு.” அப்புறம் கேட்டாள்: “அவனுக்கு என்ன வயசு இப்ப?”

“எழுபத்தொன்பது.”

“ஒடம்பு எப்படி இருக்கு அவனுக்கு?”

“காலுதான் சரியில்ல. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு.”

“உன்னை மாத்துவாங்களா?”

“மாத்தட்டும். வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு லீவு போட்டுட்டு வந்து கூப்பிடுவேன். அவரு மேடைக்கு வந்தா வாயைத் திறக்கணும். வராட்டி ஏன் வரலைன்னு ஊரு கேக்கும்.”

தொமிதிலா தலையை ஆட்டினாள். அன்று மாலையே கடையில் கறுப்புப் பெயிண்ட் வாங்கி, பலகையில் கணவனின் பெயரைக் கொட்டை எழுத்தில் தானே எழுதினாள். திபுர்சியோ அதைக் கல்லறையில் நட்டுக் கொடுத்தார். யாரும் பிடுங்க வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொமிதிலா தேவாலயத்துக்குப் போய் இருப்பதிலேயே பெரிய மெழுகுவத்தியாக ஒன்று வாங்கி ஏற்றினாள். யாருக்காக என்று கேட்ட பாதிரியாரிடம், தோன் அனஸ்தாசியோவுக்கு நீண்ட ஆயுள் கிடைக்க வேண்டும் என்று சொன்னாள்.