கோ-பிரதர் பிறந்த கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரு சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன்: ‘கோ-பிரதர்’. சகலையை நாம் இங்கிலீஷில் அப்படித்தான் சொல்கிறோம். ‘கோ’ லத்தீன் குடும்பம், ‘பிரதர்’ ஜெர்மானியக் குடும்பம். இரண்டும் இங்கிலீஷ் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள். அதாவது, அவர்களே சகலைகள். முதலில் ஒட்டவைத்தது யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததால் மதுரைக்காரர்தான் என்று துணிந்து புளுகப் போகிறேன்.

2

1978. வைகைக் கரையில் தென்றல் தவழ்ந்த ஒரு மாலையில்

(வேண்டாம். ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது.)

1978. மில் ஆபீஸ் கிளார்க் நல்லகாமனைத் தேடி, கொழுந்தியாள் ஜெயக்கொடி சோழவந்தானிலிருந்து வந்தாள்.

“மச்சான், ஒங்க சகல வெத்தலக் கொடிக்கால் ஏணியிலருந்து விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சு. நாளைக்கு ஆப்பரேசன். அதுக்குள்ள ஒங்களப் பாக்கணுங்கிறாரு.”

நல்லகாமனும் ஜெயக்கொடியின் புருஷன் கருத்தக்கண்ணனும் பேசி மூன்று வருடம். காரணம், ஈரல். மாமனார் வீட்டுக் கிடா விருந்தில் முதல் ஈரல் மூத்த மாப்பிள்ளைக்கு. மாமியார் கை தவறி இளையவர் இலையில் வைத்துவிட்டார். அவர் எடுத்து நல்லகாமன் இலைக்கு மாற்றியிருக்கலாம். தின்றுவிட்டார்.*

* ‘ஈரலுக்காகவா?’ என்று சிரிப்பவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

3

அந்த மில்லில் அவசர லீவு பெற்றவர்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ ஏதாவது என்றால் மட்டும்தான். நல்லகாமன் லீவு லெட்டரில் இங்கிலீஷில் ‘பிரதர்’ என்று எழுதினார். ஈரல் ஞாபகம் வந்தது. அடித்தார். ‘சொந்தக்காரர்’ என்றால் லீவு கிடையாது. ஜெயக்கொடி வாசலில் அழுதுகொண்டு நிற்கிறாள். மறுபடி ‘பிரதர்’ எழுதினார். ஜன்னலுக்கு வெளியே கோ-ஆப்பரேட்டிவ் பண்டகசாலை போர்டு தெரிந்தது. அதிலிருந்து ‘கோ’வைக் கழற்றி முன்னால் மாட்டினார்.

மேனேஜர் சாம்பசிவம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இது என்னய்யா உறவு?”

“ஒரே வீட்ல பொண்ணெடுத்தவங்க சார்.”

“சகலையா?” பேனாவைத் திறந்தார். “எனக்கும் ஒருத்தன் இருக்கான். பேசி ஆறு வருஷமாச்சு. போய்ட்டு வாய்யா.”

4

முதல் முடிவு: நல்லகாமன் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்

(மாட்டேன். ஜெயக்கொடி அழுததை எழுதியவனுக்கு மனசு வராது.)

இரண்டாம் முடிவு: வார்டுக்குள் நுழைந்த நல்லகாமன் கையில் தூக்குவாளி. உள்ளே, அவர் மனைவி அன்னக்கொடி வறுத்துக் கொடுத்த ஈரல்.

“சாப்புடுங்க சகல.”

“மூத்தவரு நீங்க. மொதல்ல நீங்க.”

“அடிபட்டவரு நீங்கதான?”

“அம்புட்டுப் பெரிய தப்ப ரெண்டாந்தடவ செய்யமாட்டேன்.”

இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. எழுதுகிற எனக்கும்தான். ஆனால் ஈரல் ஆறிக்கொண்டிருக்கிறது. முதல் துண்டை நான் யாருக்கு வைத்தாலும் இன்னொருவர் என்னோடு பேசமாட்டார். நான் இதே ஊரில் குடியிருக்கிறவன். கரண்டியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

பார்த்து வையுங்கள்.