நின்றால் செத்துப்போகும் வண்டி

குணாளன் ஏர்கோன் பொத்தானைத் திருகினான். முன்பக்கம் எங்கோ 'டக்' என்றது. வண்டி ஒரு தடவை தோளைக் குலுக்கி, பல் கிட்டியதுபோல நடுங்கிச் செத்தது. அன்று மாலை அது மூன்றாவது சாவு. நான் துணி காயப்போடுகிற சாக்கில் கொடிக் கம்பியருகே நின்றிருந்தேன். கையில் இருந்தது மத்தியானமே காய்ந்துவிட்ட துணி என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ரெம்பாவ் டவுனிலிருந்து செம்பனை மரங்களுக்குள் நுழைந்து வருகிற தோட்டம் எங்களுடையது. பழைய லயத்து வரிசை வீடுகளில் இப்போது ஆறில்தான் தமிழாட்கள். எனக்கும் குணாளனுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குமேல் ஒரு முழம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே தகரம்வரை வெறும் காற்று. அவன் மனைவி லோகேஸ்வரி நெத்திலி வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அவன் எந்தப் பக்கம் புரண்டு படுத்தால் இருமுவான் என்பதுகூட எனக்குத் தெரியும். இதையெல்லாம் நானாகக் கேட்டு வாங்கவில்லை. வீடு கட்டினவன் கொடுத்தது.

குணாளன் போர்டிக்சன் பக்கம் புல் வெட்டும் குத்தகை எடுத்திருந்தான். தலையெல்லாம் புல்லோடு சாயங்காலம் திரும்புவான். வந்தவன் இறங்கமாட்டான். லோகேஸ்வரி இரண்டு குவளைத் தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். லேசாகக் கறுத்த நான்கு கண்ணாடியும் ஏறும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஏர்கோன் தண்ணீர் கீழே சொட்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்குவார்கள். இருபது வருஷத்துப் பிக்-அப்பில், முப்பது வருஷத்துக் கல்யாணத்துக்குத் தேனிலவு என்று என் கூட்டாளி மங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டில் ஏர்கோன் இல்லாதவர்கள் வண்டியில் போய்ச் சுகம் காண்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஏர்கோனுக்கு வியாதி வந்தது. ஓடும்போது பல் கூசுகிற குளிர். நின்றால் சாவு. டவுனில் ஒருவன் கேஸ் நிரப்பினான், இன்னொருவன் காற்றாடியை மாற்றினான். கடைசியில் போர்மேன் சன்னாசியிடம் வந்தார்கள். இங்கே வண்டி பழுது பார்க்கிறவர்கள் எல்லோருமே போர்மேன்தான். அவருக்குக் கீழே ஓர் ஆள்கூட இல்லை. அவர் ஏதோ ஒரு ஆணியைத் திருகி வேகத்தைக் கூட்டிவிட்டார். மறுநாள் வண்டி நின்ற இடத்தில் விமானம் கிளம்புவதுபோலக் கத்தியது. கோவிலுக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். திரும்பவும் ஆணியைப் பழையபடி இறக்கினார். எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. வண்டிக்கும்தான்.

அந்த மூன்றாவது சாவுக்குப் பிறகு குணாளன் சாவியைத் தொடவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். புழுக்கம் தாங்காமல் லோகேஸ்வரி கண்ணாடியை இறக்கினாள். அவர்கள் வண்டிக்குள் என்னதான் பேசுகிறார்கள் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"செவ்வாக்கெழமன்னா செவ்வாக்கெழமதான். அவன் காலையில ஷிப்டுக்குப் போயிருவான். சின்னத பாலர்பள்ளியில விடப்போற மாதிரி புனிதா நடந்து வந்துரும். நம்ம முச்சந்தியில ரெடியா நிக்கணும்," என்றாள் லோகேஸ்வரி.

"நிக்கணும். இந்தச் சனியன் நின்னாதானே செத்துப்போவுது."

"கண்ணாடிய எறக்கி வச்சிக்கிட்டு நின்னா பாரோய் முழுக்க நம்ம மூஞ்சியப் பாக்கும்லா."

"பாரோய விடு. இங்க இருக்கிற ரேடியோவுக்கு என்னா பதில் சொல்ற?"

எங்கள் இரண்டு வீட்டிலும் ரேடியோ இல்லை. எந்த ரேடியோவைச் சொல்கிறான் என்று நின்று யோசித்தேன். லோகேஸ்வரியின் அடுத்த பேச்சில் புரிந்துவிட்டது.

"அந்த ரேடியோதானே தீவாளிக்கிப் பாடுச்சி. மாப்ள வரல, மாப்ள வரலன்னு. அது மங்கம்மா காதுக்குப் போயி, பாரோயில இருக்கிற அவ தங்கச்சி காதுக்குப் போயி... புள்ள திரும்பிப்போன அன்னைக்கே அவன் கைய நீட்டிட்டான். ஊரெல்லாம் சொல்லி வச்சியாடின்னு. இந்தத் தடவ ஒரு வார்த்த முன்னாடி போச்சின்னா சின்னதப் புடிச்சி வச்சிக்குவான். சின்னத விட்டுட்டுப் புனிதா வராதுங்க."

புனிதா அவர்களுடைய ஒரே மகள், பாரோயில் வாழ்க்கைப்பட்டவள். தீபாவளிக்குக் சின்னப் பிள்ளையோடு தனியாக வந்து, இரண்டாம் நாளே திரும்பிப் போனவள். "மாப்பிள்ளை வரல போல" என்றுதான் நான் சொன்னேன். மூன்றே வார்த்தை. போகிற வழியில் அதோடு யார் யார் எதை எதைச் சேர்த்தார்களோ. காய்ந்த துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். சுவருக்கு மேலே இருக்கிற அந்தக் காற்றை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் சுகம் காண வண்டிக்குப் போகவில்லை. என்னிடமிருந்து தப்பித்துப் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சன்னாசி வீட்டுக்கே வந்தார். ரப்பர் பால் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றதில் அவருக்குக் காது மந்தம். வண்டியைத் தொட்டுத் தொட்டுத்தான் வைத்தியம் பார்ப்பார். குணாளன் ஏர்கோனைப் போடுவான், வண்டி சாகும், சன்னாசி உச்சுக்கொட்டுவார். ஆறேழு தடவை ஆயிற்று. லோகேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்.

ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் எனக்கு ஏதோ ஒன்று கேட்டது. மூன்று நான்கு நொடிதான். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல. போகாதே, வாயைத் திறக்காதே என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்து போனேன்.

"என்னமோ ஊதுதே, போர்மேன்."

"என்னாது?"

"ஊதுது! ஏர்கோன் போட்டா மட்டும் ஊதுது!"

சன்னாசி காதைச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் கேக்கலையே."

"பஞ்சாலக்காவுக்குக் கேக்கும்," என்றான் குணாளன், என்னைப் பார்க்காமல். "அவங்களுக்குக் கேக்காம இந்தத் தோட்டத்தில வேற யாருக்குக் கேக்கப்போவுது."

கேட்டும் கேட்காததுபோல இன்ஜின் மேல் குனிந்தேன். அறுபத்தாறு வயதில் அதுவும் ஒரு வித்தை. அவன் மறுபடி ஏர்கோனைப் போட்டான். சத்தம் வந்த இடத்தைத் தேடிக் கையை நீட்டினேன். இன்ஜினுக்குப் பின்புறம் ஒளிந்திருந்தது ஒரு ரப்பர் குழாய், விரல் நீளம்தான் இருக்கும். அதன் வளைவில் ஒரு வெடிப்பு. அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். தோலைப் பிடித்து உள்ளே இழுத்தது. சாகப்போன வண்டி பாதியில் மனம் மாறியதுபோல மூச்சை இழுத்து, குரலை உயர்த்தி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

"அட!" சன்னாசி என் கையைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். விரல் எடுத்ததும் வண்டி செத்தது. "ஏர்கோன் போட்டா இன்ஜினுக்குப் பாரம்லா. பாரம் வந்தா கொஞ்சம் மூச்சு கூட வேணும். இந்தக் குழாய்தான் இழுத்துக் குடுக்குது. இது வெடிச்சி, வெளிக்காத்த உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு." பிறகு குணாளனைப் பார்த்துச் சிரித்தார். "எத்தன வருஷம் ரப்பர் மரத்தில பால் வெட்டின நீ? ஒரு விரல் ரப்பர் இல்லாம ரெண்டு வாரம் அலைஞ்சிருக்க."

குணாளன்கூடச் சிரித்துவிட்டான். புதுக்குழாயை மாட்டி முடித்ததும் வண்டி நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடியது. குளிர்காற்று வாசல்வரை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். என் சந்தோஷம் எப்போதும் வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"இனி செவ்வாக்கெழம கண்ணாடிய ஏத்திவிட்டு எவ்ளோ நேரம் வேணாலும் நிக்கலாம்," என்றேன்.

சன்னாசிக்குக் கேட்கவில்லை, சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி எழுந்து நின்றாள். குணாளன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். தானாகச் சாகாத வண்டியை அவன் கையால் நிறுத்தியது அன்றுதான்.

"யக்கா..." என்றாள் லோகேஸ்வரி. முகத்தில் கோபம்கூட இல்லை, சோர்வுதான் இருந்தது. நான் இனி என்ன சொன்னாலும் அது இன்னொரு வார்த்தையாகத்தான் போய்ச் சேரும். வீட்டுக்குள் போனேன். அன்றெல்லாம் அடுத்த வீட்டில் பேச்சே எழவில்லை. தட்டு வைக்கிற ஓசை மட்டும் கேட்டது.

சாயங்காலம் மங்கம்மா போன் செய்தாள். "சன்னாசி வண்டி அங்கதான் நின்னுச்சாமே. என்னாடி விசேஷம்?"

நாக்கு நுனிவரை வந்தது. அது என் நாக்கு, எனக்குத் தெரியாதா. "ஏர்கோன்தான். ரப்பர் குழாய் வெடிச்சிருச்சி," என்றேன்.

"அப்பறம்?"

"புதுசு மாட்டினாங்க."

"அப்பறம்?"

"அவ்ளோதான்லா."

"என்னா பஞ்சால, ரேடியோவுக்கு பேட்டரி போயிருச்சா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஆக, அந்தப் பெயர் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்கப் பால் வாளி தூக்கின காலத்தில்கூட எனக்கு இவ்வளவு அசதி வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் வண்டி கிளம்பியது. புல் வெட்டும் மெஷின்களை இறக்கி வாசலில் சாக்குப் போட்டு மூடியிருந்தான். வேலைக்கு இல்லை என்பது அதிலேயே தெரிந்தது. லோகேஸ்வரி ஏறும்போது என் ஜன்னலைப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். போவதா வேண்டாமா என்று இரண்டு நாளில் எப்படித்தான் முடிவெடுத்தார்களோ. என்னை நம்பிப் போனார்களா, வேறு வழியில்லாமல் போனார்களா என்று கேட்கவும் முடியாது.

பத்து மணிக்கு மழை பிடித்தது. சோறு வடித்தேன், சாப்பிடவில்லை. போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. மழை விட்ட பிறகு, செம்மண் பாதையில் வண்டியின் சத்தம் கேட்டது. வந்து அதே இடத்தில் நின்றது. நின்றும் சாகவில்லை. கண்ணாடி நான்கும் ஏறியிருந்தன, அத்தனையும் பனி பிடித்து வெளுத்திருந்தன. உள்ளே இரண்டு பேரா, மூன்று பேரா, நாலு பேரா என்று வாசலில் இருந்து தெரியவில்லை. கால் மணி ஆயிற்று. கதவு திறக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். பின்பக்கக் கதவருகே நின்று காதைக் கொடுத்தேன். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்டுபிடித்துக் கொடுத்த சீர். அதைத் தவிர ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. ஏர்கோன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, என் செருப்பை நோக்கி மெல்ல ஓடி வந்தது. துடைக்கத் தோதாக முந்தானை நுனி கையில் இருந்தது. கண்ணாடி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பனி வெளிப்பக்கம்தான் படிந்திருந்தது.