ஸ்பேர் வண்டி

“பதினேழு போயாச்சு. அஞ்சு பன்னெண்டு.”

கட்டட வாசலிலிருந்து டைம்கீப்பர் ஐயாவின் குரல் கேட்டால் எனக்குப் பொழுது விடிந்தது என்று அர்த்தம். முதல் மாடி ஜன்னலோரம் என் தையல் மெஷின், அதன் முன்னால் நான், கையில் டீ. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர். இன்னும் சரியாக வெளுக்காத வெளிச்சத்தில் கட்டடத்தின் இடது மூலையில் ஒரு வெள்ளை பனியன் மறையும். முதுகில் பதினேழு என்று போட்டிருக்கும். ஒன்றரை நிமிடம் கழித்து வலது மூலையில் அதே பனியன் முளைக்கும். “வந்தாச்சு” என்று பேனா நகரும். பனியன் அவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி இடது மூலைக்குப் போகும்.

ஏதோ போக்குவரத்துக் கழக விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினேழு என்பது அவருடைய மருமகள். அந்தப் பனியன், அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்னால் பந்து விளையாடிய காலத்துச் சொத்து. ஐயா பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதுவதுதான் உத்தியோகம். மூன்று வருஷமாக மறதி. மகன் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் போன வண்டி திரும்ப வேண்டும், அது திரும்பாமல் டைம்கீப்பர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும் அவர் எலும்புக்குள் இருக்கிறது.

அவள் ஓட ஆரம்பித்த புதிதில் நான் அதற்கு மூன்று காரணங்கள் சொல்லிவைத்திருந்தேன். ஒன்று, புருஷனோடு சண்டை. இரண்டு, உடம்பு இளைக்க. மூன்றாவது எழுதக்கூடியதல்ல. மூன்றுமே கட்டடத்தில் நன்றாகத்தான் போயின. அப்போதெல்லாம் அவள் வெளியே மெயின் ரோட்டில்தான் ஓடினாள். பிறகு ஒரு நாள் காலையில் அவள் ஓடிவிட்டு வருவதற்குள் ஐயா கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். மதியம்தான் கண்டுபிடித்தார்கள். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு டிரைவர்களை மிரட்டிக்கொண்டிருந்தாராம், “டிரிப் ஷீட் எங்கய்யா?” என்று. இரண்டு பேர் பயந்துபோய் எடுத்துக் கொடுத்தும் விட்டார்களாம்.

அதோடு ஓட்டத்துக்கு முழுக்கு. நாலு மாசம் அவள் ஷூ வாசலில் தூசி படிந்து கிடந்தது. எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பேசுவதற்கு விஷயம் குறைந்துபோன சங்கடமாகவும் இருக்கலாம். பிறகு ஒரு நாள் என்ன தோன்றியதோ, அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டுக் கட்டடத்தையே சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில் ஐயா உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவள் ஓடினால் அவர் அசையமாட்டார். அவர் அசையாவிட்டால் அவள் ஓடலாம். ஒரு சுற்று இருநூற்று நாற்பது மீட்டர், டேப் வைத்து அளந்திருக்கிறாள். ஒரு தடவை மாற்றிச் சுற்றிப் பார்த்தாள். “ராங் ரூட்! ராங் ரூட்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் எழுந்துவிட்டது. அதனால் வருஷக்கணக்காக ஒரே பக்கம்தான் திருப்பம். அவளுடைய வலது ஷூவின் ஓரம் மட்டும் ஆட்டுக்கடா கடித்த மாதிரி தேய்ந்திருக்கும்.

ஐந்து மணிக்குள் சமையலை இறக்கிவைத்துவிட்டு, ஆறரை வரை ஓடிவிட்டு, மகளை எழுப்பிக் கிளப்பிவிட்டு, பகலில் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அம்மா வந்ததும் ஏழரைக்கு ஆஸ்பத்திரி லேப்பில் ஊசியோடு நிற்கவேண்டும். ரத்தம் எடுக்கிற வேலை. நாளைக்கு அறுபது, எழுபது கைகள். “கை நீட்டுற எல்லாருமே மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிப்பாங்கக்கா” என்று ஒரு முறை சொன்னாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக், தங்கமான ஆள். ஊரில் யார் எங்கே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் இவன் போன்தான் அடிக்கும். எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பது தனிக்கதை.

போன சனிக்கிழமை என்னிடம் ஒரு கால்சட்டையைக் கொண்டுவந்தாள். இடுப்புப் பட்டையில் போன் வைக்க ஒரு பாக்கெட் தைக்க வேண்டுமாம். மறுநாள் போட்டி. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஆற்றங்கரை வழியாகவே போய் அடுத்த ஊரில் முடிகிறதாம்.

“எதுக்குடி இந்த வேண்டாத வேலை? நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பஸ்ல உட்கார்ந்து போனாலே எனக்கு இடுப்பு கழண்டுடும்” என்றேன், இடுப்பை அளந்துகொண்டே. ஒரு வருஷத்தில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தாள். இது எனக்கு மட்டும் தெரிந்த செய்தி.

அவள் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் வழியாக அந்த இடது மூலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நேரா ஓடணும்க்கா. ஒரே ஒரு தடவை, எங்கயும் திரும்பாம.”

நான் மெஷினை ஓட்டினேன். அவளாகவே பேசினாள். “இங்க ஒரு சுத்துல மாமா கண்ணுல படுறது கால் நிமிஷம். மீதி ஒண்ணேகால் நிமிஷம் பின்பக்கம். அது எனக்கே எனக்கு. நாளைக்கு அந்தப் பின்பக்கம் மட்டும் நாலரை மணி நேரம் வரப்போகுது.”

அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் புருஷன் லீவு போட்டிருந்தான். மகளும் லேப் தோழியும் முடிவுக் கோட்டில் போய் நிற்பார்கள். எல்லாம் ஏற்பாடுதான். இருந்தும் படி இறங்கும்போது திரும்பி நின்று சொன்னாள். “அக்கா, நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கோங்க. மாமா ரொம்பத் தேடினா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. எத்தனாவது கிலோமீட்டர்ல இருந்தாலும் வண்டி பிடிச்சு வந்துடுறேன்.”

“ஒரு கண்ணு என்ன, ரெண்டு கண்ணும்தான் அங்க இருக்கு” என்றேன். அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு என் வீட்டு மணி அடித்தது. லிஃப்ட் மெக்கானிக், ஒரு கையில் டூல் பை, மறுகையில் சட்டைப் பித்தான். “அக்கா, ஆஸ்பத்திரி லிஃப்ட். உள்ள பேஷண்டோட மாட்டிக்கிச்சு. வேற ஆள் கிடைக்கல. ஒரு மணி நேரம். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“நான் யார்கிட்டடா சொல்லியிருக்கேன்?” என்றேன். அந்த அவசரத்திலும் அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனான்.

நைட்டியோடு இறங்கி வாசல்படியில் உட்கார்ந்தேன். ஐயா குளித்து, தலை வாரி, நோட்டோடு தயாராக இருந்தார். டீ கொடுத்தேன். குடித்தார். பேப்பர் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலாக வலது மூலையைப் பார்த்தார். ஏழு மணி. ஏழே கால்.

“பதினேழு வரலயே.”

“இன்னிக்கு லீவுங்கய்யா.”

“வண்டிக்கு ஏதும்மா லீவு?”

“லாங் ரூட்ல விட்டிருக்காங்க.”

“யார் சொன்னது? ஆர்டர் எங்க?”

ஆர்டருக்கு நான் எங்கே போவேன்? அவர் உதடு நடுங்க ஆரம்பித்தது. நோட்டில் தேதிக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. அந்த வெள்ளைத் தாளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தே விட்டார். “வழியில நின்னு போச்சு. பாவம், தனி வண்டி. போய்ப் பார்க்கணும்.” கேட்டை நோக்கி நடந்தவரின் முழங்கையைப் பிடித்தேன். எழுபத்தெட்டு வயசுக் கை, என்ன பலம் என்கிறீர்கள்! என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலடி போனார். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அடுத்த பெயர் அவளுடையது. விரல் அதன்மேல் நின்றது. மணி ஏழு இருபது. இப்போது எங்கே ஓடிக்கொண்டிருப்பாள்? நேற்று நான் தைத்த பாக்கெட்டுக்குள் அடிக்கப்போகிற மணி அது.

எப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். போனை நைட்டிப் பாக்கெட்டில் போட்டேன். அவரைத் திருப்பி நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தேன். “வண்டி கிளம்புதுங்கய்யா, டைம் போட்டுக்கோங்க” என்றேன். நைட்டியை ஒரு கையால் முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது மூலையைப் பார்த்து ஓடினேன்.

ஓடினேன் என்பது நான் சொல்கிற வார்த்தை. பார்த்தவர்கள் வேறு சொல்லியிருக்கிறார்கள். மூலை திரும்பியதுமே நெஞ்சு அடைத்தது. அவர் எழுந்து போயிருப்பாரோ என்ற பயத்தில் கால் தானாகப் போனது. வலது மூலையில் நான் முளைத்தபோது ஐயா நாற்காலியில்தான் இருந்தார். கண்ணாடியை உயர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இது பதினேழு இல்லையே.”

“இல்லைங்கய்யா” என்றேன், மூச்சுக்கு நடுவில்.

நோட்டைப் பார்த்தார். முகம் தெளிந்தது. “சரி சரி. ஸ்பேர் வண்டி விட்டிருக்காங்க.” எழுதிக்கொண்டார். “பழைய வண்டி. பார்த்துப் போகச் சொல்லு.”

அப்புறம் நிற்க முடியுமா? ஒரு சுற்றுக்கு எனக்கு நாலு நிமிடம். இரண்டாவது சுற்றிலிருந்து நடைதான். அவர் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் ஓட்டம். ஐந்தாவது சுற்றில் இரண்டாம் மாடி டீச்சர் துணி காயப்போட வந்து எட்டிப் பார்த்து, “என்னக்கா, யாராவது துரத்துறாங்களா?” என்றாள். பத்து நிமிடத்தில் கட்டடம் முழுக்கப் போயிருக்கும். நானாக இருந்தால் ஐந்து நிமிடம்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். யார் வீட்டில் என்ன விலைக்கு மெத்தை வாங்கினார்கள் என்பது வரை சொல்வேன். ஆனால் பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்கள், உடைந்த வாஷ்பேசின், அதில் யாரும் வைக்காமல் முளைத்த ஒரு செடி. ஒரு ஜன்னலும் இந்தப் பக்கம் திறப்பதில்லை. யாரும் பார்க்கவில்லை என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம், முதலில் கூச்சமாக இருந்தது. கடைசித் திருப்பத்தில், குழாய்க்குப் பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில் ஒரு இடம் மட்டும் சுண்ணாம்பு போய் வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும்போது அவள் கை ஊன்றுகிற இடம். என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கை அளவு.

ஒன்பதே காலுக்கு, அந்தத் திருப்பத்துக்குப் பத்தடி முன்னால் போன் அடித்தது. ஒரு மணி நேரம் என்று போய் இன்னும் திரும்பாத மெக்கானிக்காக இருக்கும் என்று எடுத்தேன்.

“அக்கா...” காற்று. மூச்சு. எங்கேயோ யாரோ கைதட்டுகிறார்கள். “அக்கா, வீட்ல எதுவும் பிரச்சினையா?”

“ஏன்டி?”

“சும்மாதான். மாமா தேடுறாரா? தேடினா சொல்லுங்கக்கா, வந்துடுறேன். முப்பத்தி நாலு முடிஞ்சுது. ரெண்டு காலும் கல்லாயிடுச்சு. இதுவே போதும்க்கா. தேடுறாரா?”

மூக்கை நுழைத்தே வளர்ந்தவள் நான். ஒரு குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இது விசாரிக்கிற குரல் இல்லை. கூப்பிட்டுவிடுங்களேன் என்று கெஞ்சுகிற குரல். ஒரு வார்த்தை போதும். சொல்வதற்கு என்னிடம் உண்மையே மூட்டை மூட்டையாக இருந்தது. புருஷன் இல்லை, ஆஸ்பத்திரி லிஃப்ட், கேட் வரை போனார், உதடு நடுங்கிற்று. இப்படி ஒரு செய்தியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

“நல்லா உட்கார்ந்திருக்கார். நோட்டு எழுதுறார். நீ போ” என்றேன்.

மூச்சு மட்டும். என்னுடையதா அவளுடையதா என்று தெரியாத மூச்சு.

“நீங்க எதுக்குக்கா மூச்சு வாங்குறீங்க?”

“மாடிப்படி ஏறினேன். வை போனை.”

வைத்தது அவளா நானா, நினைவில்லை. அதற்குப் பிறகு அங்கே அவள் நடந்தாளா, ஓடினாளா, ஓரமாக உட்கார்ந்துவிட்டாளா, பின்பக்கத்தில் நின்றிருந்த எனக்கு எப்படித் தெரியும்? வாசலிலிருந்து, “ஸ்பேர் வண்டி லேட்டு!” என்று குரல் வந்தது. நாற்காலி கீச்சென்று நகர்கிற சத்தமும் கேட்டது. நைட்டியைத் தூக்கிப் பிடித்தேன். வழவழப்பான அந்த இடத்தில் கையை ஊன்றித் திரும்பி, மிச்சமிருந்த தெம்பை எல்லாம் சேர்த்துக்கொண்டு மூலையில் முளைத்தேன்.

ஐயா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பேனா நோட்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நேரத்தை எழுதினார். ஆனால் பேனாவை மூடவில்லை. நான் அவரைக் கடந்து இடது மூலைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கழுத்தை நீட்டி, கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.